அப்பம் வாங்காத பெண்கள்

எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சபை என்று ஒன்று கிடையாது. கல்யாணம் நிச்சயமாகும்போதுதான் அதுவும் வரும்.

ஊரில் மற்றப் பெண்களெல்லாம் பதினான்கு வயதானதும், குருத்தோலை ஞாயிறன்று கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு போதகர் முன்னால் நிற்பார்கள். அவர் தலையில் கைவைத்துத் திடப்படுத்துவார். பிறகு பீடத்தின் முன் மண்டியிட்டு, திருவிருந்தின் அப்பத்தை முதல் தடவையாக வாங்கிக்கொள்வார்கள். செருப்புத் தைப்பவரின் மகளுக்குக்கூட அது உண்டு. வால்டன்ஃபெல்ஸ் பிரபுவின் மகள்களான எனக்கும் என் அக்கா ரெனாட்டாவுக்கும் இல்லை.

எங்கள் குலத்தின் முதல் பிரபு அரண்மனைக் கோயில் சுவரில் ஒரு கட்டளையைச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் லுத்தரன் பீடத்தில் ஒரு தடவை அப்பம் வாங்கிய மகள், பிறகு வேறு சபையின் பீடத்தில் வாங்கினால், அவள் மகளே இல்லை. அவளுக்குச் சீதனமும் இல்லை. அவர் விசுவாசத்தைக் காப்பாற்ற நினைத்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை எந்தச் சபை என்று தெரியும்வரை மகளுக்கு அப்பமே கொடுக்காமல் வைத்திருந்தால் போதும். லுத்தரன் வந்தால் லுத்தரன், கத்தோலிக்கர் வந்தால் கத்தோலிக்கர். அதுவரை காலிக் குடம்.

ஜெபம்கூட இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிறவற்றை மட்டுமே சொல்லிக்கொடுத்தார்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் கடைசியில், ராஜ்யமும் வல்லமையும் என்று வரும் வரியைக் கத்தோலிக்கர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே நாங்களும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து, ஆமென் மட்டும் சொல்வோம்.

அப்பாவின் அக்கா சிடோனி அத்தைக்கு எந்த மாப்பிள்ளையும் வரவில்லை. ஐம்பது தாண்டியும் அவள் காலிக் குடமாகவே இருந்தாள். திருவிருந்து நேரத்தில் எல்லோரும் எழுந்து போக, அத்தை மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூக்குப்பொடி போடுவாள்.

"நான் செத்தா என்னை எங்க பொதைக்கறதுன்னு ரெண்டு சபையும் அடிச்சுக்குவாங்கடி" என்பாள். "உயிரோட இருக்கறப்ப எனக்காக ஒருத்தனும் அடிச்சுக்கல. அப்பவாவது நடக்கட்டும்."

எனக்குப் பதினொரு வயது நடந்த குளிர்காலத்தில் ஒரு பெட்டி வந்தது. பெரியம்மா மகள் க்ளோடில்டு அக்காவின் பெட்டி. ட்ராவன்ஸ்டைன் டியூக்கின் இரண்டாவது மனைவியாகப் போனவள் அவள். குழந்தை இல்லாமல் இறந்துபோகும் மனைவியின் உடைகளைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது வழக்கம். அவளுடைய அப்பா அம்மா உயிரோடு இல்லாததால் அவை எங்களிடம் வந்தன. முதல் மனைவியின் பெட்டி எந்த வீட்டுக்குப் போனதோ, எங்களுக்குத் தெரியாது.

அத்தை ஒவ்வொரு கவுனாக எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். இடுப்புத் தையல் ஒன்றுக்குள் ஒன்றாகப் போயிருந்தது. ஒரு தடவை பிடித்துத் தைத்து, அதற்குள் இன்னொரு தடவை, அதற்கும் உள்ளே இன்னொன்று. கடைசி கவுனை ரெனாட்டா தன் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு என் மேல் வைத்தாள். எனக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது.

"காய்ச்சல்ல செத்தான்னுதானே சொன்னாங்க?" என்றாள் ரெனாட்டா.

"காய்ச்சல்னா ஒரே மாசத்துல எளைப்பா" என்றாள் அத்தை. "இது வருஷக்கணக்கா எளைச்சிருக்கா. மடிச்சு வை. உங்கம்மா கண்ணுல பட வேண்டாம்."

ஆனால் அம்மா ஏற்கனவே பார்த்திருந்தாள். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "லேஸ் நல்லா இருக்கு. பிரிச்சு எடுத்து வைங்க, வீணாக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பனி உருகத் தொடங்கியபோது டியூக் மறுபடியும் பெண் கேட்டார். இந்தத் தடவை எங்கள் வீட்டில்.

கேட்டார் என்று சொல்வது மரியாதைக்கு. ஆற்றின் அக்கரையில் அவருடைய குதிரைப்படை இலையுதிர்காலம் முதல் கூடாரம் அடித்திருந்தது. பாலத்தின் எங்கள் பக்கத்தில் எங்கள் கோட்டை இருந்தது. அது யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ஆறு. அதைச் சண்டை போட்டும் எடுக்கலாம், சீதனமாகவும் எடுக்கலாம். சீதனமாக எடுத்தால் யாரும் சாக வேண்டாம். அப்பா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அப்படித்தான் விளக்கினார். அவர் குரல் மிகவும் அன்பாக இருந்தது.

"பெரிய எடம்மா, ரெனாட்டா. உனக்கு ஒரு கொறையும் இருக்காது."

"க்ளோடில்டுக்கும் அதைத்தான் சொன்னீங்களாப்பா?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவ எப்பவுமே பூஞ்சை ஒடம்பு" என்றார்.

டியூக் கத்தோலிக்கர். ஆகவே ரெனாட்டாவுக்குக் கற்பிக்க அவர் தன் பாதிரியாரை அனுப்பினார். அம்ப்ரோஸ் பாதிரியார் என்று பெயர். உருண்டையான, சாந்தமான மனிதர். பிளம் பழக் கேக் என்றால் அவருக்கு உயிர். முதல் நாள் பாடத்துக்கு மேசையில் மூன்று நாற்காலி போடச் சொன்னார். அவருக்கு ஒன்று, ரெனாட்டாவுக்கு ஒன்று.

"மூணாவது யாருக்கு?" என்றாள் ரெனாட்டா.

"சின்ன இளவரசியும் உக்காரட்டுமே. காதுல விழுந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"அவளுக்கு எதுக்கு?"

"சும்மாதான்" என்று சிரித்தார். ஆனால் ஞானோபதேசப் புத்தகம் இரண்டு கொண்டுவந்திருந்தார். இரண்டாவதில் எழுத்துகள் பெரிதாக, குழந்தைகள் வாசிப்பதற்கேற்ப இருந்தன. முதல் பக்கத்தில் கொர்டூலா என்று என் பெயர் தங்க மையில் அழகாக எழுதியிருந்தது. நான் பெருமையோடு அதைத் தடவிப் பார்த்தேன். ரெனாட்டா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை.

பாடம் முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் போனாள். அம்மா எம்பிராய்டரி செய்துகொண்டிருந்தாள்.

"டூலிய எதுக்கும்மா பாடத்துக்கு உக்கார வைக்கறாங்க?" வீட்டில் என்னை டூலி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உனக்குத் தொணைக்கு."

"அம்மா."

அம்மா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "ஒப்பந்தத்துல பேர் போடலடி. வால்டன்ஃபெல்ஸ் பிரபுவோட மகள்னு மட்டும்தான் இருக்கு. உனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஒருவேளை ஏதாவது ஆச்சுன்னு வச்சுக்கோ. பொண்ணு குழந்தை இல்லாம செத்தா, சீதனமாக் குடுத்த கோட்டைய நாம திருப்பிக் கேக்கலாம். அப்படிக் கேக்காம, அது அவங்ககிட்டயே இருக்கறதுக்கு நாம இன்னொரு பொண்ணையும் குடுக்கறோம். இல்ல, அவங்க கேக்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

"கோட்டையும் அவங்களுக்கு, பொண்ணும் அவங்களுக்கா?"

"சத்தம் போடாதே. குழந்தை பயப்படுது."

நான் பயப்படவில்லை. எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அத்தைதான் மாடிப்படியில் வைத்துப் பச்சையாகச் சொன்னாள். "உங்கக்கா போவா. அவ செத்தா நீ போவே. நல்ல குதிரைக்காரன் வண்டிக்குப் பின்னால எப்பவும் ஒரு குதிரைய சும்மா கட்டிக் கூட்டிட்டுப் போவான் பாரு, அது நீ."

அன்று முதல் ரெனாட்டா தன்னைப் பற்றி எதுவும் பேசவில்லை. தான் போவது முடிந்துபோன விஷயம் என்பதுபோல இருந்தாள். டூலியை மட்டும் இதிலிருந்து எடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு. அதற்கு வழி சுவரிலேயே இருந்தது. நான் எங்கள் பீடத்தில் ஒரு தடவை அப்பம் வாங்கிவிட்டால் போதும். அதற்குப் பிறகு கத்தோலிக்கராக மாறினால் எனக்குச் சீதனம் கிடையாது. சீதனம் இல்லாத பெண் டியூக்குக்கு எதற்கு?

அரண்மனைப் போதகர் அப்பாவைக் கேட்காமல் தும்மமாட்டார். ஆகவே பாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த ஹின்ரிக்ஸ் போதகரிடம் போனோம். குழந்தைகளுக்கு வெயில் படட்டும் என்று சொல்லி அத்தை வண்டி கேட்டு வாங்கினாள். போதகர் கொல்லையில் முட்டைக்கோசு நாற்று நட்டுக்கொண்டிருந்தார். ரெனாட்டா சொல்லி முடிக்கும்வரை மண்வெட்டியை விடவில்லை.

"திடப்படுத்தல் வேண்டாம் ஐயா. அதுக்கு வயசு ஆகல. அப்பம் மட்டும் அவ வாயில விழுந்தா போதும்."

"எனக்குக் கழுத்து ஒண்ணுதான் இருக்கு, இளவரசி."

"ஊர்ப் பிள்ளைகளோட வரிசையில மண்டி போட்டிருப்பா. யாருன்னு தெரியலன்னு சொல்லிடுங்க."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "ஒருத்திய கவனிக்காம குடுத்துட்டேன்னா நம்புவாங்க. ரெண்டு பேருக்கும் கவனிக்காம குடுத்தேன்னா, கண்ணு தெரியாத கெழவனுக்குப் பிரசங்க மேடை எதுக்குன்னு கேப்பாங்க." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அக்கரையில அந்தக் குதிரைங்க நிக்குதே, அதுங்க வந்தா மொதல்ல மிதிக்கறது என் ஊரைத்தான். மணப்பொண்ணுன்னு ஒருத்தி அந்தப் பாலத்தைத் தாண்டியே ஆகணும். ஒருத்திக்குத்தான் நான் குடுப்பேன். அதுல மாத்தம் இல்ல."

"ஒருத்திக்குத்தான் கேக்கறேன்."

"எந்த ஒருத்திக்கு?"

"இவளுக்கு."

போதகர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா யோசிச்சுட்டியாம்மா?" என்று ஒருமையில் கேட்டார்.

"யோசிக்காமலா சேத்துல நிக்கறேன்?" என்றாள் ரெனாட்டா. அத்தைகூடச் சிரித்துவிட்டாள்.

குருத்தோலை ஞாயிறன்று பாதிரியார் அரண்மனையில் கத்தோலிக்க வேலையாட்களுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிராமத்துக் கோயிலுக்குப் போனோம். ரெனாட்டா வேலைக்காரப் பெண்ணின் கறுப்புச் சால்வையைப் போட்டிருந்தாள். எனக்கு யாரோ ஒரு பெண்ணின் கையுறை. விரல் நுனிகள் தொங்கின. அத்தை வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கிராமத்துப் பெண்கள் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். "தள்ளிக்கோடி, அரமனைப் பிள்ளைங்க" என்று கிசுகிசுத்தாள். "பசி போல" என்றாள் மற்றவள். ஆனாலும் இடம் விட்டார்கள்.

ரெனாட்டா முதலில் வரிசைக்கு வருவதாக இல்லை. நான் தனியாகப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அவ்வளவு பேர் முன்னால் நடந்துபோக எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் அவளும் என் இடப்பக்கத்தில் மண்டியிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். போதகர் வரும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள், அவர் அவளைத் தாண்டி என்னிடம் வருவார் என்று ஏற்பாடு.

போதகர் இடப்பக்கத்திலிருந்து வந்தார். ஒவ்வொரு பெண்ணிடமும் அதே வார்த்தைகள். அவருடைய தேய்ந்த பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் முனகியது. வெளியே, ஆற்றின் அக்கரையில், யாரோ குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். அது கோயிலுக்குள் தெளிவாகக் கேட்டது. நான் வாயை எவ்வளவு பெரிதாகத் திறக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூட்ஸ் எங்களிடம் வந்தது. அக்காவின் கை குளிரவில்லை. சூடாகவே இருந்தது. அதை அவள் மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவள் முகம் மேலே நிமிர்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. வாய் திறந்திருந்தது.

போதகர் நின்றார். தட்டிலிருந்து அப்பத்தை எடுத்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "அம்மா" என்று அவர் மிகவும் மெல்லச் சொன்னதை நான் கேட்டேன். அவள் வாயை மூடவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். அவர் அப்பத்தை அவள் நாக்கில் வைத்தார்.

பிறகு என் முன்னால் வந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டின் மேல் கையை மூடிக்கொண்டு என்னைத் தாண்டி, எனக்கு வலப்பக்கம் இருந்த பெண்ணிடம் போனார். நான் வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். ஏதோ முறை அப்படி, திரும்பி வருவார் என்று நினைத்தேன்.

வண்டியில் அத்தை பொடி டப்பாவைத் திறந்தாள், மூடினாள். "கெடைச்சுதாடி?" என்று என்னைக் கேட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். அத்தையும் அவளைப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டில் ரெனாட்டாவே சொன்னாள். எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல. அப்பா மான் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு பேருமா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நான் மட்டும்."

அப்பா பெருமூச்சு விட்டார். அவருடைய தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். பிறகு அவளை அடித்தார், ஒரே ஒரு அடி, அவ்வளவு பலமாக இல்லை. உட்கார்ந்து ஒரு துண்டு இறைச்சியை என் தட்டில் வைத்தார். பெரிய துண்டு, கொழுப்போடு. அதற்கு முன்னால் அவர் எனக்குத் தன் கையால் பரிமாறியதே இல்லை.

"சாப்புடும்மா" என்றார்.

அம்ப்ரோஸ் பாதிரியார் கோபப்படவே இல்லை. ஆள் அனுப்பி டியூக்கிடம் கேட்டார், பதிலும் சீக்கிரம் வந்தது. சின்னவளே போதும். கல்யாணத்துக்கு வயதாகும்வரை அவர் காத்திருப்பார். வயதானவர்களுக்குத்தான் பொறுமை இருக்கும் என்று பாதிரியார் சொன்னார். ஆனால் ஒரு சிக்கல். பெரியவள் செய்ததைச் சின்னவளும் செய்துவிட்டால்? கோயில்கள் எங்கும் இருக்கின்றன, ரொட்டி எங்கும் இருக்கிறது. ஆகவே நான் இப்போதே அவருடைய வீட்டுக்கு வந்து, அங்கேயே வளர்வது எல்லோருக்கும் நல்லது. கோட்டையையும் இப்போதே கொடுத்துவிட்டால் படை பின்வாங்கும்.

"அவளுக்குப் பதினொண்ணுதான் ஆகுது" என்றாள் அத்தை. "தம்பி, பதினொண்ணு."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. "நீதானே வண்டி கேட்டே?"

அத்தை பொடி டப்பாவைக் கையிலெடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த நாட்களில் பாதிரியார் என்னை விட்டு நகரவில்லை. சாப்பாட்டு மேசையில்கூட எனக்கும் ரொட்டிக் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்தார். "இனிமே உங்களுக்கும் அதுக்கும் நடுவுல நான் இருக்கேன், சின்ன இளவரசி" என்று கண்ணடித்துவிட்டு, ரொட்டியைத் தானே உடைத்து, வெண்ணெய் தடவி, என் கையில் கொடுப்பார்.

புறப்படும் காலையில் ரெனாட்டா என் கோட்டுக்குப் பொத்தான் போட வந்தாள். கழுத்திலிருந்து தொடங்கிக் கீழே வந்தாள். கடைசிப் பொத்தானுக்கு அவள் மண்டியிட வேண்டியிருந்தது.

"உனக்குத்தான்னு நெனச்சுட்டுத்தான் வந்தேன் டூலி" என்றாள். "மண்டி போடற வரைக்கும் உனக்குத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டு கிட்ட வந்துச்சு."

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. முகம் காகிதம்போல வெளுத்திருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவேண்டிய இடம் அதுதான் என்று பின்னால்தான் எனக்குத் தோன்றியது. அப்போது எனக்கு வாயில் வந்தது வேறு.

"அங்க எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருந்தாங்க இல்ல? எனக்குப் பின்னாடி அனுப்ப இங்க யாரும் இல்ல. அதனால என்னைப் பத்திரமா வச்சுக்குவாங்க" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் என் கோட்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா வந்து அவள் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

வண்டியில் பாதிரியாரும் நானும் மட்டும். குளிருக்காக என் காலுக்கடியில் சுடவைத்த கல்லைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். கிராமத்துக் கோயிலைத் தாண்டினோம். கொல்லையில் முட்டைக்கோசு நாற்றுகள் பிடித்திருந்தன. போதகர் இல்லை.

பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. எங்கள் படைவீரர்கள் கோட்டையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். போர்வைச் சுருள்கள், கரி பிடித்த சமையல் பாத்திரங்கள், ஒரு கோழிக்கூண்டு எல்லாம் கையில். டியூக்கின் ஆட்கள் இன்னொரு பக்கம் வரிசையாக நின்று, எங்களவர்கள் வெளியேறி முடிக்கக் காத்திருந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. "அடுப்பு சூடாத்தான் இருக்கு" என்று எங்களவர் ஒருவர் அவர்களிடம் சொன்னார்.

வண்டி நகர்ந்ததும் அவர் நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தார். கையில் பாத்திரம் இருந்ததால் வணக்கம் வைக்க முடியவில்லை. அதைத் தரையில் வைத்துவிட்டு, சவ வண்டி போகும்போது செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

பாதிரியார் என் முகத்தின் குறுக்கே கைநீட்டித் திரையை இழுத்துவிட்டார்.

"பாலத்து மேல காத்து அடிக்கும்" என்றார். "குளிரும்."